2013இல் வாங்கிய கணினிக்கு எஸ்.எஸ்.டி.யும் ராமும்: உள்ளிருக்கும் கோப்புகளை இழக்காமல் மாற்றுவது எப்படி?

மலைக்கோட்டை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2013இல் அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்னும் பயன்பாட்டில் உள்ளது. இன்டெல் கோர் ஐ3-3220, எச்61 மதர்போர்டு, 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்து வந்தாலும் டெஸ்க்டாப் முழுமையாக வந்திருக்காது. இது தவிர, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் தேதியும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகின்றன.

என் தந்தையார் பல ஆண்டுகளாகப் பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோயில் விழா மலர்களும், குடும்பப் படங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 ஜி.பி. அளவுக்கு அதில் உள்ளன. வேறெங்கும் படி கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைப் போடலாமா என்று அருகிலுள்ள கடையில் கேட்டபோது, “எஸ்.எஸ்.டி. போட வேண்டுமானால் ஃபார்மேட் அடித்துத்தான் தர முடியும்” என்றார்கள். ஒரு கோப்பும் போகாமல் இதைச் செய்ய இயலுமா?

பழையபெட்டி:
தாராளமாக இயலும். ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஃபார்மேட் செய்யப்படுவது புதிதாக வாங்கும் எஸ்.எஸ்.டி.தானே தவிர, உங்கள் பழைய டிஸ்க் அன்று. அதைக் கடைக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், அல்லது பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோக வேண்டும்.

முதல் வேலை எஸ்.எஸ்.டி. வாங்குவது அன்று, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளைத் திறந்து, ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகள்), ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) ஆகிய இரு வரிகளின் இறுதியில் உள்ள மதிப்பு சுழியமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெண்டிங் செக்டர் ஏறிக்கொண்டிருந்தால், வேறு எந்தச் சோதனையும் செய்து டிஸ்க்கை அலைக்கழிக்காமல், முக்கியமான கோப்புகளை அன்றே வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துவிட வேண்டும். எச்61 சிப்செட்டில் இயல்பாக யு.எஸ்.பி. 2.0 மட்டுமே உண்டு என்பதால் நொடிக்கு 30 எம்.பி. அளவுக்குத்தான் நகலாகும்; 300 ஜி.பி.க்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். நகலெடுத்த பின் கோப்புறையின் அளவை மட்டும் பார்த்து நிறைவடையாமல், அங்கங்கே சில படங்களையும் ஆவணங்களையும் அந்த வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள்.

பிறகு சாட்டா கேபிளில் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) மாட்டும் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. வாங்கி, குளோன்சில்லா என்னும் மென்பொருளால் பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே குளோன் (முழுப் படி) செய்துவிடலாம். 480 ஜி.பி. வேண்டாம், 512 ஜி.பி. வாங்குங்கள், சேரும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறிதாக இருந்தால் குளோன்சில்லா இயல்பான அமைப்பில் ஏற்றுக்கொள்ளாது. மதர்போர்டில் நேரடியாகச் செருகும் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள், இந்த மதர்போர்டு அதிலிருந்து தொடங்காது. எச்61இன் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், ஆகவே எஸ்.எஸ்.டி. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தில் பாதிதான் கிட்டும். ஆயினும் நாள்தோறும் நாம் உணரும் தாமதம், சிறு சிறு கோப்புகளைத் தேடி டிஸ்க்கின் முள் அலைவதால் வருவது, எஸ்.எஸ்.டி.யில் அந்த அலைச்சலே இல்லை.

மின்னோட்டம்:
குளோன் செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பகுதியில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரி 32-பிட் என்று காட்டுகிறதா, 64-பிட் என்று காட்டுகிறதா? 4 ஜி.பி. ராம் கொண்ட அக்காலக் கணினிகள் பலவற்றில் 32-பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியானால் நீங்கள் ராமை 8 ஜி.பி. ஆக்கினாலும் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் தொடாது, குளோன் செய்தால் அந்தக் குறையும் சேர்ந்தே வரும்.

மலைக்கோட்டை:
பார்த்தேன் ஐயா, 32-பிட் என்றுதான் உள்ளது. டிஸ்க்கின் அந்த இரு மதிப்புகளும் சுழியம்.

மின்னோட்டம்:
அப்படியானால் குளோன் வேண்டாம். 32-பிட்டை இருந்த இடத்திலேயே 64-பிட்டாக மாற்ற வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஐ3-3220 செயலி 64-பிட்டை ஏற்கும். விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. அதே பதிப்பை நிறுவினால், டிஸ்க்கும் ராமும் மாறினாலும் மீண்டும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும், விண்டோஸ் 11 அலுவல்முறைப்படி இன்டெல் 8ஆம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் கேட்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வங்கி வேலைகளை இதில் செய்யாமலிருப்பது நலம் என்பது என் கருத்து.

இனி வரிசை முக்கியம். தேதி பின்னோக்கிப் போவது மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டதற்கு அறிகுறி. முதலில் அதை மாற்றுங்கள். காரணம் கடிகாரம் மட்டும் அன்று. எஸ்.எஸ்.டி.க்காகப் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) சாட்டா அமைப்பை ஐ.டி.இ. என்னும் பழைய முறையிலிருந்து ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய முறைக்கு மாற்றிவிட்டு விண்டோஸை நிறுவுவீர்கள். பேட்டரி தீர்ந்திருந்தால், ஒரு மின்வெட்டில் பயாஸ் தன் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அது ஐ.டி.இ.யாக இருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், டிஸ்க் போய்விட்டது என்று நீங்களும் பதறுவீர்கள்.

அடுத்து ராம். டி.டி.ஆர்.3, 1600 மெகாஹெர்ட்ஸ், மேசைக் கணினிக்குரிய நீளமான வகை. இருக்கும் 4 ஜி.பி.யோடு இன்னொரு 4 ஜி.பி. போதும். பொருத்தியபின் திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், கழற்றிப் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள்.

இறுதியாகப் பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாட்டிக்கொண்டு நிறுவுங்கள். எந்த டிஸ்க்கை அழிப்பது என்று நிறுவல் திரை கேட்கும்போது ஒரே டிஸ்க்தான் பட்டியலில் இருக்கும், தவறாகத் தொட வாய்ப்பே இல்லை.

தட்டச்சர்:
டி.டி.பி. வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உண்மையில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லையென்றால் விழா மலர் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பழைய சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையை இப்போதே முழுமையாக நகலெடுத்து வைத்து, புதியதில் தேவையானவற்றை மட்டும் நிறுவினால் எழுத்துகள் திரும்பிவிடும். மிகப் பழைய மென்பொருள்களில் 16-பிட்டானவை 64-பிட் விண்டோஸில் ஓடா; அச்சுப்பொறிக்கும் 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே தேடிக்கொள்ளுங்கள்.

பழையபெட்டி:
நிறுவி முடித்ததும் பழைய டிஸ்க்கை அதே பெட்டியில் இரண்டாம் டிஸ்க்காக மாட்டிக்கொள்ளலாம். பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று செய்தி வரும். ‘கன்டினியூ’ அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

மின்னோட்டம்:
இதில் மட்டும் நான் உடன்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு கடந்த எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) ஒன்றின் கீழ் இரு படிகளையும் வைத்தால், அது பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்து போகக்கூடும். 12 வோல்ட் அடாப்டருடன் வரும் 3.5 அங்குல யு.எஸ்.பி. உறை ஒன்றை வாங்கி அதில் பழைய டிஸ்க்கைப் போட்டு, தேவையானவற்றை எஸ்.எஸ்.டி.க்கு எடுத்துக்கொண்டபின் பீரோவில் வைத்துவிடுங்கள். குறைந்தது சில மாதங்களுக்கு அதில் எதையும் அழிக்கவோ புதிதாக எழுதவோ வேண்டாம். தந்தையாரின் மென்பொருள் ஏதேனும் புதியதில் ஓடாவிட்டால், சாட்டா அமைப்பை முன்பிருந்தபடி மாற்றி அதே டிஸ்க்கை மீண்டும் மாட்டினால் பழைய கணினி அப்படியே எழுந்து நிற்கும்.

மலைக்கோட்டை:
மிக்க நன்றி. வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பதை இன்றிரவு தொடங்குகிறேன், எழுத்துருக் கோப்புறையும் அதில் சேர்ந்துவிடும். பேட்டரியும் ராமும் நாளை வாங்குகிறேன். ராமைத் தேர்ந்தெடுக்கப் பழைய துண்டையும் கையோடு கொண்டுபோக எண்ணம்.