திங்கட்கிழமை வயிற்றுவலி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய்:

என் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கணவர் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பிவிடுவார். தொழிற்சாலை பஸ்ஸுக்காக நானும் ஆறு மணிக்கே சாலையில் நிற்க வேண்டும். பையனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது என் மாமியார்தான்.

இந்த ஆண்டு திங்கட்கிழமை வந்தாலே அவனுக்கு வயிற்றுவலி. இரண்டு முறை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் ஒன்றுமில்லை, பள்ளியில் ஏதாவது பயமா என்று கேட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். நானும் கேட்டேன். வேலை முடிந்து வந்த களைப்பில், "யார் அடித்தது? டீச்சர் திட்டினாரா? வாயைத் திற!" என்று கேட்டேன். அவன் எப்படித் திறப்பான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டான். அவர் எதையும் கேட்கவில்லை. பாதிக் கீரை முடிந்தபோது அவனே சொன்னான்: "பாட்டி, நாளைக்கு மலாய் சொல்வதெழுதுதல். எனக்குப் பத்துக்கு இரண்டுதான் வரும். தப்பாக எழுதியவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்."

அடுப்படியில் இருந்த எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

நோட்டைப் புரட்டினேன். கொசுவுக்கு மலாயில் 'ஞாமுக்' என்பார்கள். இவன் எழுதியிருந்தது 'நாமுக்'. 'என்' (n) எழுத்துக்குப் பின்னால் வர வேண்டிய 'வை' (y) இல்லை. அந்த ஒலி வரும் சொற்களில் எல்லாம் அதே பிழை. பத்து முறை எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர்; பிறகு ரப்பர் மரம் சீவப் போய்விட்டார். மலாய் சரளமாகப் பேசுவார், எழுதத் தெரியாது. "அந்தச் சொல்லைச் சொல்லு" என்றார். சொன்னான். "இது நம் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஞ அல்லவா! நமக்கு ஓர் எழுத்து, அவர்களுக்கு இரண்டு எழுத்து. அவ்வளவுதானே ஐயா!"

பையன் கீரையைக் கீழே வைத்துவிட்டான்.

அதன்பின் பூவுக்கு மலாயில் சொல்லும் 'புஙா' வந்தது. ஒன்றாம் ஆண்டில், "ங-வில் தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லையே, எதற்கம்மா இதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்டவன் அவன். இப்போது அவனே, "பூவில் ங இருக்கிறது!" என்று கத்தினான். தமிழில் அறிந்த ஒலி மலாய்க்குக் கைகொடுக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆசிரியரை நேரில் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை, வயிற்றுவலியை மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. இப்போது யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை.

ஒரு லாரி ஓட்டுநர்:

இந்தத் தாய் எழுதியதைப் படித்ததும் என் மகள் ஞாபகம் வந்துவிட்டது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. மூத்த பிள்ளைகள் இருவரும் அதில் பாடத்தை முடித்துக் கொடுப்பதற்குள் சின்னவள் தூங்கிவிடுவாள். பள்ளி திறந்தபோது எழுத்துக் கூட்டவே தடுமாறினாள். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. சனிக்கிழமைகளில் பட்டணத்துக்கு அழைத்துப் போய்க் கடைப் பலகைகளைப் படிக்க வைத்தேன். நகைக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தகம். 'முடிதிருத்தகம்' முழுதாக வர மூன்று வாரம் ஆனது. வந்த அன்று, குளிர்ச்சியான இனிப்பு என்று சென்டோல் வாங்கிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை:

ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர் அரசுத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடுதான்; ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. ஆனாலும் வாசலில் என்னைப் பார்க்கும் பெற்றோர், என் பேரப்பிள்ளை வயதுக் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு, "வகுப்பில் எத்தனையாவது வருவான் டீச்சர்?" என்றுதான் இன்னும் கேட்கிறார்கள். குழந்தை தரையைப் பார்க்கிறது. அதன் எதிரில் அந்தக் கேள்வி வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி எத்தனை மணிக்குப் படுக்கிறான், அம்மா? ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் வகுப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பல பிள்ளைகள் இரவு பதினொரு மணி நாடகம் முடிந்து படுத்தவர்கள்.

மீண்டும் அந்தத் தாய்:

பத்தரை ஆகிக்கொண்டிருந்தது, டீச்சர். எங்களுக்காகத் தொலைக்காட்சி ஓடும், அவனும் கூடவே உட்கார்ந்திருப்பான். போன வாரத்திலிருந்து எட்டரைக்கு அணைத்துவிடுகிறோம். மாமியாருக்குத்தான் நாடகம் போன வருத்தம். ஆனாலும் முதலில் எழுந்து அணைப்பவர் அவரே.

நேற்று திங்கட்கிழமை. பத்துக்கு ஆறு. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனானாம்.