பி.எஸ்சி. படிக்கும்போதே மருத்துவச் சேர்க்கைக்குத் தயாராவது எப்படி? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

வெஸ்ட்வில் மாணவி

எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.எஸ்சி. உயிரியல் இரண்டாம் ஆண்டு. மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், நல்ல மதிப்பெண்தான், ஆனாலும் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டம் முடித்தபின் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி நுழைவு வழியில் போகலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

முதலாண்டில் உயிரியல், வேதியியல், கணிதம் முடித்துவிட்டேன், இயற்பியல் இன்னும் எடுக்கவில்லை. சராசரி 70-ஐ ஒட்டி நிற்கிறது. வீட்டில் பெரியம்மா பேசாமல் பார்மசிக்கு மாறிவிடு என்கிறார், அப்பா முதலில் கையில் இருப்பதை முடி என்கிறார். மருத்துவமனையில் தன்னார்வ வேலை செய்தால் சேர்க்கையில் கணக்கில் எடுப்பார்களா? இந்த இரண்டு வருடத்தில் நான் எதில் கவனம் வைக்க வேண்டும்? அந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜோபர்க் அண்ணன்

தங்கச்சி, நான் அந்த வழியில் உள்ளே வந்தவன், இப்போது வார்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் இது என்ன என்று தெளிவாகத் தெரிந்துகொள். விட்ஸில் மருத்துவப் படிப்பு மொத்தம் 6 வருடம். பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் முதல் இரண்டு வருடம் முடித்து மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது, பட்டம் முடித்த நாம் அங்கே அவர்களோடு சேர்கிறோம், மீதி 4 வருடமும் ஒன்றாகவே ஓடும். 2003-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. தேர்வு செய்வது முக்கியமாக இரண்டை வைத்து, ஒன்று உன் பட்டப்படிப்பு மதிப்பெண், இன்னொன்று விட்ஸே நடத்தும் கூடுதல் சேர்க்கைத் தேர்வு.

அதனால் இயற்பியலைத் தள்ளிப்போடாதே. பல்கலைக்கழக முதலாண்டு மட்டத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் சேர்ந்த காலத்தில் பார்த்தார்கள். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே யார் வாய்வார்த்தையையும் நம்பாமல், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், விட்ஸ் மருத்துவ அறிவியல் புலத்தின் இணையப் பக்கத்தில் உன் ஆண்டுக்கான நிபந்தனையை நீயே படி. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், ஆனால் கடைசித் தேதி வருட நடுவிலேயே வந்துவிடும், நவம்பர் தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

70 என்பது மோசமில்லை, ஆனால் போட்டிக்குப் போதாது. எங்கே மதிப்பெண் ஒழுகுகிறது என்று பார். பெரும்பாலும் பெரிய தேர்வில் இல்லை, வாராந்திர செய்முறை அறிக்கையில்தான். வரைபடத்தின் அச்சில் அலகு எழுதாமல் விடுவது, பிழை அளவைச் சொல்லாமல் முடிவுக்குத் தாவுவது, விவாதப் பகுதியில் புத்தகத்தில் இருப்பதையே திருப்பி எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் அரை, ஒன்று என்று போகும். திருத்திய அறிக்கை கையில் வந்ததும் டியூட்டரிடம் போய் ஏன் இங்கே வெட்டினீர்கள் என்று கேள். கூச்சப்படாதே, அவர் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலாண்டு நோட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதே, சேர்க்கைத் தேர்வுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நேராக வந்த பிள்ளைகள் உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்துவிட்டு அந்த மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்திருப்பார்கள். நம்மில் பலருக்கு அது வெறுமை, முதல் சில மாதம் மூச்சு முட்டும். வெஸ்ட்வில்லிலேயே அந்தப் பாடங்கள் நடக்கின்றன, விருப்பப் பாடமாக எடுக்க முடிந்தால் எடுத்துவிடு. சேர்க்கைக்கு உதவுகிறதோ இல்லையோ, அப்புறம் நீ என்னை நினைப்பாய்.

பீனிக்ஸ் பார்மசிஸ்ட்

தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் பெரியம்மா சொன்னதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பார்மசி மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் இல்லை, நான் விரும்பித்தான் வந்தேன். 4 வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன், ஒரு வருடம் கட்டாய சமூக சேவை, அப்புறம் நீ முழுப் பார்மசிஸ்ட். மருத்துவத்தில் படிப்பு முடிந்தபின்னும் 2 வருடம் இன்டர்ன், ஒரு வருடம் சமூக சேவை. உன் பி.எஸ்சி.யையும் சேர்த்துக் கூட்டிப் பார். அதுவும் முடித்த டாக்டர்கள் அரசு மருத்துவமனையில் போஸ்ட் இல்லாமல் காத்திருப்பதை சமீப வருடங்களில் நாம் எல்லாரும் பார்க்கிறோம், சொல்ல மனசு வலிக்கிறது.

நான் பயமுறுத்தவில்லை அம்மா. உனக்கு உண்மையிலேயே பிடித்தது எது என்று பார்க்கச் சொல்கிறேன். அதற்குத்தான் தன்னார்வ வேலை. சேர்க்கையில் அதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே, ஆனால் போ. சாட்ஸ்வொர்த்திலேயே ஆரியன் பெனவலன்ட் ஹோம் இருக்கிறது, 1921-லிருந்து முதியவர்களையும் ஆதரவற்றவர்களையும் பார்த்துவருகிறார்கள். சனிக்கிழமை போய் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிப் பார், அவர் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பும்போது உனக்குள் எரிச்சல் வருகிறதா, பொறுமை வருகிறதா என்று பார். எங்கள் கவுன்ட்டரில் தினமும் இதுதான். போன வாரம் ஒரு கோகோ, ஜூலு பாட்டி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொட்டினார், உள்ளே இரண்டு மாதத்து மெட்ஃபார்மின், சர்க்கரை நோய் மாத்திரை, பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. காரணம் கேட்டால், சாப்பிட்டால் வயிறு போகிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்கிறார். டாக்டரிடம் சொல்லவில்லை, மொழி புரியாமல் வெட்கம். சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள் என்று அவர் மொழியில் சொன்னதும்தான் முகம் தெளிந்தது.

அதனால் ஜூலுவை விடாதே. 2014-லிருந்து நம் பல்கலைக்கழகத்தில் அது கட்டாய மாட்யூல், பிள்ளைகள் தேர்ச்சிக்குப் படித்து மறந்துவிடுகிறார்கள். குவாசுலு-நட்டாலில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உனக்கு அது வேண்டும்.

பணமும் யோசி. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி பொதுவாக முதல் பட்டத்துக்குத்தான், இரண்டாவது பட்டத்துக்கு வேறு வழி தேட வேண்டும். மாகாண சுகாதாரத் துறை பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை, கொடுத்தால் படித்தபின் அவர்களுக்கு வேலை செய்துதான் கழிக்க வேண்டும், கையெழுத்துக்கு முன்னால் அப்பாவும் நீயும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

ஒரு தகப்பன்

மகளே, ஒன்று மட்டும். இடம் கிடைக்காத பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஏஜென்ட்டுகள் கோயில் விழாக்களில்கூட மேசை போட்டு உட்காருகிறார்கள். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தால் இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ. வைக்கும் தேர்வில் தேற வேண்டும், அதை மட்டும் அந்த ஏஜென்ட்டுகள் சொல்லாமல் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். எங்களிடம் வந்தவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. நாங்கள் பணம் கட்டவில்லை. எந்தத் தாளையும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

வெஸ்ட்வில் மாணவி

அண்ணா, அக்கா, அங்கிள், ரொம்ப நன்றி. ஹோமுக்கு அடுத்த வாரம் போன் செய்கிறேன். இயற்பியல் பற்றி ஒரு கேள்வி: மூன்றாம் ஆண்டில் முதலாண்டு மாட்யூல் எடுக்க விடுவார்களா? என் நேர அட்டவணையில் செய்முறை வகுப்போடு மோதுகிறது.

ஜோபர்க் அண்ணன்

பலர் எடுத்திருக்கிறார்கள். பதிவு தொடங்குவதற்கு முன்பே புல அலுவலகத்தில் கல்வி ஆலோசகரைப் பார், வரிசையில் நிற்கும் நாளில் போய்க் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. செய்முறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழு இருக்கும், மதியக் குழுவுக்கு மாற்றிக் கேள். பேசியதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள். முடியவே முடியாது என்றால் பட்டம் முடித்தபின் அந்தப் பாடத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்ய இடம் உண்டா என்று அப்போதே அங்கேயே கேட்டுவிடு. என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுது, அதே சிக்கலில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.