உதவி: மாமனாரின் அப்பம்மாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை (அவசரம்)

வெண்பனி, செவ்வாய் இரவு 11.40
வணக்கம். என்ர கணவர் இங்கத்தைய வெள்ளைக்காரர். அவரின் அப்பாவுக்கு வாற மாதம் 80 வயது. அவருடைய அப்பம்மாவின் பிறப்புப் பதிவை எடுத்துச் சட்டம் போட்டுக் குடுக்க விருப்பம். மூன்று இரவாத் தேடுறன், ஒன்றும் இல்லை. எங்கே கேட்க வேணும்? தெரிஞ்சவை கெதியாச் சொல்லுங்கோ.

ஏரிக்கரை
எந்த மாகாணம், எந்த ஆண்டு? கனடா முழுவதற்கும் ஒரே பிறப்புப் பதிவேடு இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்ராறியோவில் அரசுப் பதிவு 1869 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் என்றால் தேவாலய ஏடுகள்தான்.

மொன்றியல்வாசி
கியூபெக் என்றால் கவலையே வேண்டாம். 1621இலிருந்து தேவாலய ஏடுகள் இருக்கின்றன. பெண்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாவார்கள், அதனால் தேடுவது சுலபம். ஆனால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், நடுவில் 'டி' (dit, 'என்று அழைக்கப்படும்') என்று ஒரு சொல் வரும். அதைக் கவனியுங்கள்.

கோவைப்பறவை
டிஎன்ஏ பரிசோதனை செய்யச் சொல்லுங்க சிஸ்டர். மாமனார் எச்சில் மாதிரி கொடுத்தா போதும், சொந்தக்காரங்க தானா வந்து நிப்பாங்க. காகிதம் பொய் சொல்லும், ரத்தம் சொல்லாது.

பழையஏடு
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. மேலே நிறுத்தி வைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை. பிறப்பிலிருந்து தொடங்கக் கூடாது. இறப்பிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்: இறப்பு, திருமணம், மக்கள்தொகைக் கணக்கு, கடைசியில்தான் பிறப்பு. பெயரும் ஆண்டும் ஊரும் இல்லாமல் உதவி கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது மாதிரி.

வெண்பனி, புதன் காலை 6.15
மன்னிக்கோணும். ஒன்ராறியோ, பீற்றர்பரோ. 1893 அளவில். பெயர் ஆலிஸ். குடும்பப் பெயரைப் பொதுவில போட கணவருக்கு விருப்பமில்லை. நான் தேடினது அதே குடும்பப் பெயரில்தான். வேலைக்குப் போறன், பின்னேரம் வாறன்.

ஏரிக்கரை
தங்கச்சி, அது ஆலிஸ் கலியாணம் கட்டின பிறகு வந்த பெயர். பிறந்தபோது தகப்பன் வீட்டுப் பெயரல்லவா இருந்திருக்கும்? அதைக் கண்டுபிடிக்கத் திருமணப் பதிவு வேண்டும். ஒன்ராறியோத் திருமணப் பதிவில் மணமகளின் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் எழுதியிருக்கும். ஃபேமிலிசேர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு கணக்குத் திறந்தால் போதும். ஏன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். ரொறன்ரோப் பொது நூலகத்துக்குப் போனால் அங்கிருந்தே அதையும் பார்க்கலாம்.

இன்னொன்று. பீற்றர்பரோ என்றவுடன் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. 'அங்கே பிறந்தார்' என்று யார் சொன்னது? சரியாக என்ன வார்த்தை சொன்னார்கள்?

வெண்பனி, புதன் மாலை
மாமி சொன்னவ, ஆலிஸ் பீற்றர்பரோவில ஒரு பெரிய வீட்டில இருந்து வந்தவவாம். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினமாம்.

ஏரிக்கரை
அப்படித்தான் நினைத்தேன். பீற்றர்பரோவில் ஹேசல்பிரே என்று ஒரு பெரிய வீடு இருந்தது. ஏழைப் பிள்ளைகளைப் பராமரித்த பர்னாடோ என்ற தொண்டு நிறுவனம் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த பெண்பிள்ளைகளை முதலில் அங்கேதான் வைத்திருந்து, பிறகு பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். 1869க்கும் 1930களுக்கும் இடையில் இப்படி வந்த பிள்ளைகள் 1,00,000க்கும் மேல், பல நிறுவனங்கள் வழியாக. நிறையப் பேர் வெட்கப்பட்டுச் சொந்தப் பிள்ளைகளுக்கே சொல்லாமல் இறந்துபோனார்கள். ஆலிஸும் அப்படி வந்தவர் என்றால் ஒன்ராறியோவில் அவருக்குப் பிறப்புப் பதிவே இருக்காது. ஓட்டாவாவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது, இலவசம். கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் அதில் கிடைக்கும்.

பழையஏடு
ஒரு 'பெரிய வீடு' என்ற சொல்லை வைத்து இவ்வளவு கட்டக் கூடாது. முதலில் 1911 கணக்கெடுப்பைப் பார்க்கட்டும். அதில் குடியேறிய ஆண்டுக்கென்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தி காலியாக இருந்தால் உங்கள் கதை முடிந்தது.

ஏரிக்கரை
ஒப்புக்கொள்கிறேன், அதுவும் பார்க்க வேண்டும். 18 வயதில் யாரோ ஒருவரின் பண்ணையில் 'வேலைக்காரி' என்று பதிவாகியிருப்பார், தங்கச்சி. குடும்பத்தவர் பெயரோடு ஒட்டாத பெயராக இருக்கும். வழக்கமான தேடலில் விட்டுப்போவது அதனால்தான்.

நல்லூர்க்காற்று
பேர் கிடைக்காததுக்குக் காரணம், துறைமுகத்தில அதிகாரிமார் பேரை மாத்திப்போட்டதுதான். எல்லாருக்கும் நடந்தது. எங்கட அப்பாவுக்கே 1986இல நடந்தது. தகப்பன் பேர் குடும்பப் பேராப் போச்சு, அவற்ற சொந்தப் பேர் நடுவில நிக்குது.

பழையஏடு
தவறு. கப்பல் பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடும். இங்கே இருந்த அதிகாரி அதைச் சரிபார்த்தார், பெயர் சூட்டவில்லை. எழுத்து மாறியது பெரும்பாலும் பின்னால், அட்டவணை போட்டவர்கள் கையெழுத்தைத் தவறாகப் படித்ததால்.

நல்லூர்க்காற்று
அப்ப என்ர அப்பா பொய் சொன்னவரோ?

கோவைப்பறவை
அவர் சொல்றது கப்பல் காலம், உங்க அப்பா வந்தது விமானத்துல. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. எங்க பெரியப்பாவுக்கும் இனிஷியலை விரிச்சு எழுதச் சொல்லித்தான் பாஸ்போர்ட்ல பேர் தலைகீழா ஆச்சு.

நல்லூர்க்காற்று
அதைத்தான் நானும் சொல்லுறன். எங்கட பிள்ளைகளின்ர பிள்ளைகள் நாளைக்குத் தேடேக்க அப்பப்பாவின் பேரைத்தான் குடும்பப் பேரெண்டு நினைக்கப் போகுதுகள். இப்பவே எழுதி வையுங்கோ எல்லாரும்.

பழையஏடு
அது சரியான ஆலோசனை. ஆனால் வேறு இழையில் பேசுங்கள்.

மொன்றியல்வாசி
பீற்றர்பரோ என்றாலும் தாய் வழியில் கியூபெக் தொடர்பு இருக்கலாம். ஞானஸ்நான ஏட்டையும் ஒருமுறை பாருங்கள்.

வெண்பனி, சனி இரவு 1.05
திருமணப் பதிவு கிடைச்சுது, 1914. பிறந்த இடம் 'லண்டன், இங்கிலாந்து'. தகப்பன் பேர் இருக்கிற இடத்தில ஒரு கோடு மட்டும். 1911இல ஒரு பண்ணையில வேலைக்காரி, வந்த ஆண்டு 1903. பத்து வயசுப் பிள்ளை. என்ர மூத்தவளுக்கும் இப்ப பத்து. ஏரிக்கரை அண்ணா, மெத்தப் பெரிய உபகாரம். மாமாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

ஏரிக்கரை
தங்கச்சி, தகப்பன் பெயர் இல்லை என்பதால் தாயும் இல்லை என்று நினைக்க வேண்டாம். அப்படி வந்த பிள்ளைகள் பலருக்கு அங்கே தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் பிரித்தது. பர்னாடோ வழியாக வந்தவர் என்று பட்டியலில் உறுதியானால், அந்த நிறுவனம் இன்றும் வாரிசுகளுக்குப் பழைய பதிவுகளைத் தேடித் தருகிறது. கட்டணம் உண்டு, நாள் பிடிக்கும், பிறந்தநாளுக்குள் வந்துசேராது. சேர்த்துக்கொண்ட அன்று எடுத்த படம் இருந்தாலும் இருக்கும். மாமாவை விண்ணப்பத்தில் கையெழுத்திட வைத்து, அதையே பரிசாகக் கொடுங்களேன்.

பழையஏடு
இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837இலிருந்து உண்டு. 1893க்கு மட்டும் தேடாமல் 1892, 1894 இரண்டையும் பாருங்கள், வயது ஒன்றிரண்டு பிசகும். தாயின் குடும்பப் பெயரிலும் பாருங்கள்.

கோவைப்பறவை
மாமா என்ன சொன்னார்னு வந்து சொல்லுங்க சிஸ்டர்.

ஏரிக்கரை, மூன்று வாரம் கழித்து
தங்கச்சி, கப்பலின் பெயர் கிடைத்ததா?