பழத்துண்டுகளின் மேல் பூசும் 'கிளேஸ்': பாகா, பூச்சா, மெருகா?

வணக்கம்.

கேக், டார்ட், பேஸ்ட்ரி ஆகியவற்றின் மேல் அடுக்கிய பழத்துண்டுகளுக்குப் பளபளப்புத் தரும் கிளேஸுக்கு (glaze) ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற இந்த உரையாடல் இழையில் பழப்பாகு, பழப்பூச்சு, பழமெருகு என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. சொல்லின் அழகைப் பேசுமுன் பொருளின் இயல்பைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் இதைச் செய்ய எளிய வழி, ஏப்ரிகாட் ஜாமில் ஓரிரு கரண்டி நீர் விட்டு மெல்லிய தீயில் இளக்கி, வடிகட்டி, சூடு சற்றுத் தணிந்ததும் தூரிகையால் பழத்தின் மேல் தடவுவதுதான். ஜாமில் பெக்டின் (பழங்களில் உள்ள, ஜாமை இறுகச் செய்யும் பொருள்), சர்க்கரை, புளிப்பு ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருப்பதால், ஆறியதும் அது வழிந்தோடாமல் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்கிறது. ஜாமுக்கு மாற்றாகப் பழச்சாற்றில் மாவு கரைத்துக் காய்ச்சுவோரும் உண்டு. சோளமாவு சற்றே மங்கலாக நிற்கும், ஆரோரூட் மாவு தெளிந்து நிற்கும். ஜெலட்டின் சேர்ப்பவர்கள் வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவற்றிலுள்ள நொதிகள் ஜெலட்டின் புரதத்தைச் சிதைத்து அதை இறுகவிடாமல் செய்துவிடும். எந்த வழியில் செய்தாலும் வேலை ஒன்றே: வெட்டிய ஆப்பிள் காற்றுப்பட்டுக் கறுப்பதையும் பழங்கள் வாடுவதையும் தாமதப்படுத்தி, மேற்பரப்பை மினுமினுக்கச் செய்வது.

இவ்வியல்போடு ஒப்பிட்டால் பழப்பாகு முதலில் விலகிவிடுகிறது. பழச்சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளும் சிரப்புக்கு அச்சொல் தேவைப்படும். பழப்பூச்சு தவறான சொல் அன்று. ஆனால் ஒளிபுகாத ஐசிங்கும் ஒரு பூச்சுதான், மினுக்கம் என்ற சிறப்புக்கூறு அதில் விடுபட்டுப் போகிறது.

மெருகு என்பது பண்பின் பெயரேயன்றிப் பொருளின் பெயராகாது என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. இனிப்பு என்பதும் சுவையின் பெயர்தான். ஆயினும் தட்டில் வைத்துப் பரிமாறும் பண்டத்தை இனிப்பு என்றே சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. வார்னிஷுக்கு மெருகெண்ணெய் என்று முன்பே சொல் அமைந்திருப்பதும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆங்கிலத்தில் கிளேஸ் என்றே வழங்கும், மட்பாண்டத்தின் மேலுள்ள கண்ணாடிப் படலத்துக்கும் மெருகு என்றே வைத்துக்கொண்டால், சமையல், மட்பாண்டம் ஆகிய இரு துறைகளும் ஒரே வேர்ச்சொல்லில் நிற்கும். எனக்குத் தயக்கம் தருவது முன்னொட்டுத்தான். பழமொழி, பழங்கதை என்று பழகிய கண்ணுக்குப் பழமெருகு என்பது 'பழைய மெருகு' என்றே முதலில் படும். கனிமெருகு என்றால் அந்த இடர் இல்லை. 'கனி' ஏட்டுச் சொல்லாயிற்றே என்று கேட்கக்கூடும். கலைச்சொல்லில் அந்த அளவு விறைப்பு இருக்கலாம் என்பது என் கருத்து. இதே அமைப்பில் சர்க்கரை மெருகு, சாக்லேட் மெருகு என்று விரித்துக்கொள்ளவும் இடமுண்டு.

வினைச்சொல்லைப் பொறுத்தவரை, மெருகூட்டு, மெருகேற்று ஆகிய இரண்டும் நடையையும் திறமையையும் செம்மைப்படுத்துவதற்கே பெரிதும் வழங்குவதால், சமையல் குறிப்பில் அவற்றைத் தவிர்க்கலாம். "டார்ட் முழுவதும் ஆறிய பின், இளஞ்சூடான கனிமெருகைப் பழத்துண்டுகளின் மேல் மெல்லியதாகப் பூசவும்" என்று எழுதினால், சொல்லை முதன்முறை காண்பவருக்கும் பொருள் விளங்கும். இதைவிடச் சுருக்கமான வினை எவருக்கேனும் தோன்றினால் இந்த இழையிலேயே எழுத வேண்டுகிறேன்.