ஐஎஸ்எஸ் (பன்னாட்டு விண்வெளி நிலையம்) வழியாகப் பாக்கெட் செய்தி: கேட்கிறது, அனுப்பினால் போகவில்லை

புது வியு3:
ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. குரலில் பேசிப் பார்த்தாயிற்று, அடுத்து பாக்கெட் (எழுத்துச் செய்தியைத் தொனியாக மாற்றி ரேடியோவில் அனுப்புவது). எங்கள் ஊர்ப் பக்கம் தரை டிஜிபீட்டர் (வந்த பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் கருவி) எதுவும் காதில் விழவில்லை, அதனால் விண்வெளி நிலையத்தில் இருப்பதையே பிடிக்கலாம் என்று 145.825 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தேன். பாவ்ஃபெங் யுவி-5ஆர் கைரேடியோ, போனில் ஏபிஆர்எஸ்டிராய்டு என்ற பாக்கெட் ஆப், நடுவில் ஒரு ஆடியோ கேபிள், அவ்வளவுதான். நிலையம் மேலே போகும்போது பாக்கெட் சத்தம் நன்றாகவே வருகிறது, சிலது திரையில் எழுத்தாகவும் விழுகிறது. நான் அனுப்புவது மட்டும் திரும்பி வருவதே இல்லை. வாக்ஸ் (சத்தம் வந்தால் ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கும் வசதி) போட்டிருக்கிறேன், பாத் (பாக்கெட்டை யார் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு) ஆப்பில் இருந்தபடியே வைட்1-1. எங்கே இடிக்கிறது?

ஆன்டெனா அண்ணாச்சி:
முதலில் பாத்தை மாற்றுங்கள் ஓஎம் (நண்பரே). வைட்1-1 தரை டிஜிபீட்டர்களுக்கு, நிலையத்துக்கு ஏஆர்ஐஎஸ்எஸ் என்று போட வேண்டும். அப்புறம் ஆடியோ. போன் வால்யூமை முழுக்க வைத்தால் மைக் உள்ளீடு தாங்காது, 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனி இரண்டும் நசுங்கிப் போய் எதிர்முனையில் டீகோட் ஆகாது. இன்னொரு ரேடியோவில் கேட்டுக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள், சத்தம் கூடுவது நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி விடுங்கள் (இந்தச் சோதனையைத் தயவுசெய்து 145.825இல் செய்யாதீர்கள்). ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் வசதி) 0, பேட்டரி சேவ், டூயல் வாட்ச் (இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்பது) இரண்டும் ஆஃப்.

கூட வந்த ரப்பர் ஆன்டெனாவை நம்பாதீர்கள். பிவிசி பைப்பில் இரும்பு இஞ்ச் டேப்பை வெட்டிக் கட்டிய மூன்று எலிமென்ட் யாகி (ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா) போதும், அதே 5 வாட்டில் வித்தியாசம் உடனே தெரியும். அடிவானத்தை ஒட்டிப் போகும் பாஸை (நிலையம் நம் வானத்தை ஒருமுறை கடப்பது) விட்டுவிட்டு, உயரமாக வரும் பாஸுக்குக் காத்திருங்கள்.

மொட்டைமாடி:
அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனால் வாக்ஸை விட்டுவிட்டாரே. வாக்ஸ் தாமதமாக விழிக்கும், பாக்கெட்டின் தலை வெட்டுப்படும். டிஎக்ஸ் டிலேயை (செய்தி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 500 மில்லிசெகண்டுக்கு ஏற்றினால் அது சமாளிக்கும். வாலில்தான் வம்பு, அனுப்பி முடித்த பிறகும் ரேடியோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருப்பதால் நிலையம் உடனே திருப்பி அனுப்பும் உங்கள் பாக்கெட் உங்களுக்கே கேட்காது. அதனால் போகவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நிலையம் வழியாக வந்தவற்றைக் காட்டும் ஏஆர்ஐஎஸ்எஸ் டாட் நெட் தளத்தில் உங்கள் கால்சைன் (அழைப்புக்குறி) விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிடிடி (ரேடியோவின் அனுப்பும் பொத்தானை இயக்கும் இணைப்பு) வரும் கேபிளுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, விண்வெளி நடை, கலம் வந்து இணைவது போன்ற நேரங்களில் ரேடியோவையே அணைத்து வைப்பார்கள். அன்றைக்கு என்ன செய்தாலும் ஒன்றும் வராது.

புது வியு3:
மிக்க நன்றி, பாத்தை மாற்றிவிட்டேன், அடுத்த உயர பாஸுக்குக் காத்திருக்கிறேன். தமிழிலேயே செய்தி அனுப்ப முடியுமா?

மொட்டைமாடி:
முடியும். டிஜிபீட்டர் உள்ளே என்ன எழுத்து என்று பார்ப்பதில்லை, வந்ததை அப்படியே திருப்பி விடும். ஆனால் செய்திக்கு இடம் 67 எழுத்து, அதுவும் ஆங்கிலக் கணக்கு. யுடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளிக்குத் தனியாக 3. ‘வணக்கம்’ மட்டுமே 21 பைட் தின்றுவிடும். எதிர்முனையில் போன் ஆப் இருந்தால் படிக்கலாம், பழைய கென்வுட் ரேடியோவின் திரை என்றால் குப்பையாகத்தான் தெரியும்.

ஆன்டெனா அண்ணாச்சி:
முதல் நாள் தமிழ் வேண்டாம், ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒன்று அனுப்புங்கள். வந்த வரியில் ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் (நிலையத்தின் கால்சைன்) பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் நிலையம் எடுத்து அனுப்பியிருக்கிறது. நிலையம் சென்னைக்கு மேலே இருந்தால் டெல்லிக்கும் கொழும்புக்கும் ஒரே நேரத்தில் கேட்கும், எல்லோரும் பொத்தானை அழுத்துவார்கள், நீங்கள் விடாமல் பீக்கன் (தானாகத் திரும்பத் திரும்பப் போகும் பாக்கெட்) அடிக்காதீர்கள். 73 (வாழ்த்துகள்).