புதுப்பிப்பு: யமஹா டிஎக்ஸ்7, மின்கலம் மாற்றியாயிற்று, ஒலிகளும் திரும்பிவிட்டன

1983-இல் வெளிவந்த டிஎக்ஸ்7 என்ற மின்னணு இசைவிசைப்பலகை (சிந்தசைசர்) வாங்கினேன், திரையில் ஒலிப் பெயர்களுக்குப் பதில் தாறுமாறான எழுத்துகள் வருகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒலிகளை அழியாமல் காக்கும் நினைவக மின்கலம் தீர்ந்திருக்கும் என்ற ஊகமே சரி. ஃபங்க்ஷன் முறையில் 14-ஆம் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.4தான். பலகையில் நேரடியாகப் பற்றவைத்திருந்த பழைய மின்கலத்தை எடுத்துவிட்டு, ஒருவர் சொன்னபடி சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலத்துக்கான தாங்கி ஒன்றைப் பொருத்தினேன். அடுத்த முறை பற்றவைப்புக் கோலே வேண்டாம். அருமையான யோசனை!

எதிர்பாராத சிக்கல் அதற்குப் பின்தான். கருவியில் மீண்டும் ஏற்ற வேண்டிய 32 ஒலிகளும் சேர்ந்து வெறும் 4104 பைட்டுகள். அதைக் கணினியிலிருந்து மிடி (இசைக்கருவிகளுக்குத் தரவு அனுப்பும் முறை) வழியாக அனுப்பினால் கருவி அசையவே இல்லை. நினைவகப் பாதுகாப்பை நீக்கியிருந்தேன். ஆனால் 8-ஆம் பொத்தானை மறுபடி அழுத்தி 'சிஸ் இன்ஃபோ' (இத்தகைய தரவை ஏற்பதற்கான அமைப்பு) என்பதை 'அவைல்' (ஏற்கும்) என மாற்றவில்லை. மாற்றிய பிறகும் பிழைச் செய்தி வந்தது. காரணம் மலிவான யுஎஸ்பி மிடி கம்பி. நீண்ட தரவை இடையில் தவறவிடுகிறது. இரவல் வாங்கிய நல்ல இடைமுகத்தில் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது. மின்கலத்தை எடுத்தால் ஒலிகள் அழிந்துவிடும், மீண்டும் ஏற்றுவதும் இப்படிப் பாடாகிவிடும். ஆகவே மின்கலத்தைத் தொடும் முன், உள்ளே நல்ல ஒலிகள் இருந்தால் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

11-ஆவது ஒலி, அந்த மின்பியானோ. மெல்லத் தொட்டால் மணி போல் சிணுங்குகிறது, அழுத்தினால் கரகரக்கிறது. இரவு இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை.