புதுப்பிப்பு: மாங்குளத்துப் பழைய பிரேக்டவுன் லொறி இப்போது நிற்காமல் ஓடுகிறது

உதவிய எல்லாருக்கும் நன்றி. பழுதாகி நடுவழியில் நின்ற பஸ்களைக் கட்டி இழுத்த இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) லொறி, ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ஆனால் எங்கேயும் டீசல் ஒழுகவில்லை என்று எழுதியிருந்தேன்.

பம்பைக் கழற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். சரியான பதில் தந்தவர், பம்புக்கு முன்னால் ஒரு துண்டு தெளிந்த ரியூப் போட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணை. போட்டதும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. டாங்கிக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்புக்கும் இடையில் டீசல் உறிஞ்சித்தான் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். டாங்கிக்குள் இறங்கும் பைப் மேல் நுனியில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. புதுப் பைப் போட்டு, பில்டரிலும் பம்பிலும் சிக்கியிருந்த காற்றை வெளியே எடுத்த பிறகு நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது.

எதிர்பாராத ஒன்று: கதவில் இருந்த நீலப் பெயின்றை ஈர உப்புத்தாளால் தேய்த்தபோது அடியில் சபையின் சிவப்பு, அதன்மேல் பாதி அழிந்த தமிழ் எழுத்து. 1958 ஜனவரி 1இல் பஸ்கள் தேசியமயமாகிச் சபை உருவானது, அந்தக் காலத்தில் கையால் எழுதியதோ பிந்தியதோ, எப்படியும் அதன்மேல் இனிப் பெயின்ற் அடிக்க மாட்டேன். தேய்ப்பவர்கள் தயவுசெய்து மெதுவாகத் தேயுங்கள், நான் ஒரு எழுத்தை இழந்துவிட்டேன். அடுத்தது பின்னால் உள்ள வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை), கம்பிவடம் முழுக்க இறுகிக் கிடக்கிறது.